பழைய பிக்கப்பில் ஏசியும் ஹீட்டரும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150, 4.6 லிட்டர் வி8 இன்ஜின் கொண்டது. நகருக்குள் மெதுவாகப் போகும்போது டேஷ்போர்டின் நடு வென்ட் வழியாகக் குளிர்ந்த காற்று நன்றாக வருகிறது. ஃப்ரீவேயில் ஏறுவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ, டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறினாலோ, முகத்தில் படும் காற்று நின்று முன் கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. காலை எடுத்ததும் சற்று நேரத்தில் திரும்பி வருகிறது. ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஏற்றிக் கொடுத்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. இப்போது கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

பதில்: மாற்ற வேண்டாம். கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்பதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காற்று குளிர்ந்துதான் வருகிறது. அது போகும் திசைதான் மாறுகிறது. கேஸ் குறைந்தாலும் கம்ப்ரஸர் பழுதானாலும் குளிர்ச்சி குறையுமே தவிர, காற்று முகத்தை விட்டுக் கண்ணாடிக்குத் தாவாது.

‘ஏசி சரியில்லை’ என்று நாம் சொல்லும்போது அதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன. காற்று போதுமான அளவு வருகிறதா, வர வேண்டிய வழியில் வருகிறதா, வேண்டிய வெப்பநிலையில் வருகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அளவுக்குப் பொறுப்பு காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயர் மோட்டாரும் அதன் மின்சுற்றும். வழிக்குப் பொறுப்பு டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கதவுகள். வெப்பநிலைக்குப் பொறுப்பு ஒரு பக்கம் கேஸும் கம்ப்ரஸரும், இன்னொரு பக்கம் கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஹீட்டர் கோரும் (அந்தச் சூடான திரவத்தால் காற்றைச் சூடேற்றும் சிறு ரேடியேட்டர்), இவை இரண்டுக்கும் நடுவே நின்று சூட்டையும் குளிரையும் கலக்கும் பிளெண்ட் கதவும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நேராகக் கேஸ் டப்பாவைக் கையில் எடுக்கும் பழக்கத்தால்தான் பழைய வண்டிக்காரர்கள் இவ்வளவு பணத்தை வீணாக இழக்கிறார்கள். உங்களுடையது சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை.

1997 முதல் 2003 வரை வந்த எஃப்-150 வண்டிகளில் காற்றை முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ திருப்பும் கதவுகளை மின்மோட்டார் இயக்குவதில்லை. இன்ஜினின் உறிஞ்சு விசை, அதாவது வேக்கம், இயக்குகிறது. இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, ஒருவழி வால்வைத் தாண்டி, சிறிய பிளாஸ்டிக் வேக்கம் தொட்டிக்கும், அங்கிருந்து டேஷ்போர்டில் காற்றின் திசையைத் தேர்ந்தெடுக்கும் மோட் திருகுக்குப் பின்னாலும் போகிறது. திருகைத் திருப்பும்போது அதற்குரிய கதவின் டயஃப்ரம், அதாவது வளையும் சவ்வு, உறிஞ்சப்பட்டுக் கதவு நகர்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்கம் தரும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது இன்ஜினின் காற்று வாயிலான த்ராட்டில் திறந்துகொள்வதால் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் ஒருவழி வால்வும் தொட்டியும் இருக்கின்றன. கரண்ட் போன நேரத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வீட்டைச் சமாளிப்பதைப் போல, சேமித்து வைத்த வேக்கம் கதவுகளை அப்படியே பிடித்துவைத்திருக்கும். உங்கள் வண்டியில் அந்தச் சேமிப்பு ஒழுகிவிடுகிறது. மேடு ஏறும்போது மட்டும் காற்று திசை மாறுவதும், காலை எடுத்ததும் திரும்புவதும் இதன் அடையாளம். இவ்வளவு தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கோளாறு வாகனத்தில் குறைவு.

காற்று ஏன் கண்ணாடிக்கே போகிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். வேக்கம் முற்றிலும் போனாலும் ஓட்டுநருக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதற்காக, ஸ்பிரிங் கதவுகளை டிஃப்ராஸ்ட் நிலைக்குத் தள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். முன் கண்ணாடியின் பனியையும் ஆவியையும் நீக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரம் 103 சொல்கிறது. ஆகவே நீங்கள் காண்பது, கோளாறு வந்தபோது வண்டி பாதுகாப்பான பக்கம் சாய்வதைத்தான்.

இனிச் சோதனைக்கு வருவோம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, காற்றை முகத்துக்கு வரும்படி வைத்து, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் விடுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, சாவியை மீண்டும் ரன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். தொட்டியும் வால்வும் குழாய்களும் இறுக்கமாக இருந்தால், காற்று இன்னும் சில நிமிடங்களாவது முகத்துக்கே வந்துகொண்டிருக்கும். நிறுத்திய உடனே கண்ணாடிக்குப் போனால் ஒழுகல் உறுதி. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, கையால் இயக்கும் வேக்கம் பம்ப் ஒன்று போதும். அமெரிக்காவின் பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இதை இரவலாகவே தருகின்றன. இன்ஜின் பக்கத்துக் குழாயைக் கழற்றி, அது போகும் வழியில் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, 15 அங்குலம் அளவுக்கு உறிஞ்சிவிட்டு முள் நிற்கிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். ஒருவழி வால்வை வாயால் ஊதியே சோதிக்கலாம்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது.

எங்கே முதலில் பார்ப்பது என்று கேட்டால், பேட்டரிக்கு அருகில் போகும் பகுதியைச் சொல்வேன். இன்ஜின் சூடும் பேட்டரி ஆசிட்டின் ஆவியும் சேர்ந்து இருபத்தைந்து வருடங்களில் அந்தப் பிளாஸ்டிக்கைச் சுள்ளியாக்கிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரியும். இரண்டு விரலால் மெல்ல வளைத்தால்தான், வளைவின் உட்புறத்தில் முடி அளவு வெடிப்பு வாய் திறக்கும், அல்லது குழாய் அப்படியே ஒடிந்து கையோடு வரும். ரப்பர் முழங்கைகளும் குழாய் நுழையும் இடத்தில் தளர்ந்திருக்கும். வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, சரியான உள்விட்டமுள்ள வேக்கம் ஹோஸைப் பொருத்துங்கள். டேப் சுற்ற வேண்டாம்; இன்ஜின் சூட்டில் அதன் பசை இளகிவிடும். எல்லாக் குழாயும் சரியாக இருந்து, திருகின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் டேஷ்போர்டுக்குள் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால், அந்த நிலைக்குரிய டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது திருகுக்குப் பின்னாலுள்ள வட்ட இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைக் கவனியுங்கள். செக் இன்ஜின் விளக்கும் எரிந்து, பி0171, பி0174 என்ற இரண்டு குறியீடுகளும் வந்தால், இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். இந்த வி8 இன்ஜின்களில் இன்டேக்கின் பின்பக்கம் மறைவாக இருக்கும் பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் அமைப்பு) ரப்பர் முழங்கை நைந்து கிழிவது வழக்கமான காரணம். வேக்கம் குழாயைத் தேடும் அதே வேளையில் கையை அங்கேயும் விட்டுத் தடவிப் பார்த்துவிடலாம்.

ஏற்றிய கேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி மூடிய சுற்று. அதில் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை, கசிந்தால்தான் குறையும். குறையாத இடத்தில் மேலும் ஏற்றியிருந்தால் இப்போது அழுத்தம் அதிகமாகி, கம்ப்ரஸருக்கு நிஜமாகவே கேடு வரலாம். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஏசி லேபிளில் எத்தனை பவுண்டு ஆர்-134ஏ கேஸ் என்று எழுதியிருக்கும். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 609ஆம் பிரிவுப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுத்து, உள்ளே இருப்பதை முழுவதும் மீட்டெடுத்து, லேபிள் சொல்லும் எடைக்கு மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். குழாய் வேலைக்குச் சில டாலர்தான் ஆகும். நீங்கள் பெரிதாகச் செலவிட வேண்டியிருந்தால் அது இதற்குத்தான்.

கேள்வி: மினசோட்டாவில் குளிர்காலத்தை இனி இந்த வண்டியோடு கழிக்க முடியுமா என்று தெரியவில்லை. 2000ஆம் ஆண்டின் எஃப்-150. ப்ளோயர் உச்ச வேகத்தில் மட்டுமே சுற்றுகிறது. மற்ற மூன்று வேகங்களிலும் அசைவதே இல்லை. அந்த உச்ச வேகத்திலும் வரும் காற்றில் சூடு இல்லை. இரண்டும் ஒரே கோளாறா? கோடை முழுவதும் வண்டி நண்பரின் பண்ணைக் கொட்டகையில் நின்றது.
– ஒரு வாசகர், ராச்செஸ்டர், மினசோட்டா

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலாவது எளிது. உச்ச வேகத்தில் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகிறது; குறைந்த வேகங்களில் மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போகிறது. உச்ச வேகம் மட்டும் மிஞ்சியிருந்தால் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்றே கொள்ளலாம். விலை குறைந்த பாகம். இரண்டு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம்.

ஆனால் மாற்றிவிட்டு அதோடு நிறுத்தினால், அடுத்த குளிர்காலத்தில் புதியதும் எரியும். ரெசிஸ்டர் தானாக எரிவது குறைவு. மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும்போதும், அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றோட்டம் தடைபடும்போதும்தான் அது எரிகிறது. அதனால் மின் இணைப்பின் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். எந்தப் பின்னைச் சுற்றியாவது பழுப்பேறி உருகியிருந்தால் இணைப்பையும் வயர் துண்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். தளர்ந்த பின்னில் புதிய ரெசிஸ்டரைச் செருகுவதில் பயனில்லை. பிறகு ப்ளோயர் மோட்டாரைக் கழற்றி, அதன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தங்குதடையின்றிச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். கரகரப்போடு சட்டென நின்றால் பேரிங் போய்விட்டது. ரெசிஸ்டரைத் தின்றது அந்த மோட்டார்தான்.

கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் ஓர் எச்சரிக்கை. ப்ளோயர் கூட்டுக்குள் எலிக்கூடு இருக்க அதிக வாய்ப்பு உண்டு. காய்ந்த புல், இருக்கைப் பஞ்சு, பிய்த்த காகிதம், கறுப்பு எச்சம் ஆகியவற்றைக் கண்டால் உடனே கையால் அள்ளவோ வேக்கம் கிளீனரை வைக்கவோ காற்றால் ஊதவோ வேண்டாம். அமெரிக்காவில் மான் எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்புகின்றன. அவற்றின் எச்சமும் சிறுநீரும் தூசியாகப் பறக்கும்போது மூச்சில் போவதே ஆபத்து. கொட்டகைக் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் வரவிட்டு, ரப்பர் கையுறை அணிந்து, கிருமிநாசினியோ நீரில் கலந்த பிளீச்சோ தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு காகிதத் துண்டால் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ப்ளோயரை அதற்கு முன் ஓடவிடவும் கூடாது. இதை அவசரமாகச் செய்யாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிச் சூட்டுக்கு வருவோம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை உச்சத்தில் வைத்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களின் வெப்பத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை இந்த ஓர் அளவே சொல்லிவிடும். இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சிக்கல் இன்ஜின் பக்கம்: கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது 195 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விட வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். மினசோட்டாக் குளிரில் திறந்துகிடக்கும் தெர்மோஸ்டாட் இன்ஜினைச் சூடேறவே விடாது. ஒன்று கொதித்து மற்றொன்று ஏறக்குறைய குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது. இரண்டும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தால் பிளெண்ட் கதவு.

அடைத்த கோரை மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்க்க வேண்டும், ஏனெனில் மாற்றுவதற்கு டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். இன்ஜின் முழுவதும் ஆறிய பின் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் தண்ணீரைச் செலுத்துங்கள். தோட்டத்துக் குழாயை முழுவதும் திறந்து பிடிக்கக் கூடாது. மெல்லிய அலுமினியக் கோர் அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும். மெதுவாக விட்டு, நிறுத்தி, திசை மாற்றி, மறுபடி விடுங்கள். முதலில் துருப்பிடித்த சேறாகவும், பிறகு மணலைப் போன்ற துகளாகவும், கடைசியில் தெளிந்த நீராகவும் வரும். ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கும் பொடியை யாராவது எப்போதாவது ஊற்றியிருந்தால் அது முதலில் போய் அடைவது ஹீட்டர் கோரின் நுண்குழாய்களில்தான். அந்தப் பொடியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெளியே வரும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடிக்கும். சிறிதளவே உயிரைப் பறித்துவிடும்.

பிளெண்ட் கதவு என்றால், இந்த ஆண்டுகளின் எஃப்-150இல் அதன் பிளாஸ்டிக் அச்சு முறிவது எல்லோரும் அறிந்த சங்கதி. கதவை நகர்த்தும் சிறு மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு, அச்சின் முனையைக் கையால் திருப்புங்கள். நல்ல கதவு சிறிது தூரம் சென்று இரு முனையிலும் மெத்தென்று தட்டி நிற்கும். தட்டாமல் சுற்றிச்சுற்றி வந்தால் முறிந்துவிட்டது. புதிய மோட்டார் வாங்கிப் பொருத்தினாலும் அது வெறும் அச்சைத்தான் சுற்றும். அச்சு நல்லபடியாக நின்று, மோட்டார் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருந்தால் மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

முறிந்த கதவுக்கு இரண்டு வழி உண்டு. டேஷ்போர்டை இறக்கி முழுக் கூட்டையும் வெளியே எடுப்பது முறையான வழி. கூட்டின் பக்கவாட்டில் திறப்பு வெட்டி, சந்தையில் கிடைக்கும் உலோகக் கதவை உள்ளே நுழைத்து, வெட்டிய துண்டை மறுபடி மூடி அடைப்பது இரண்டாவது. கால் நூற்றாண்டு ஓடிய வண்டியில் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். டேஷ்போர்டை இறக்குவதென்றால் ஏர்பேக் வயர்களைத் தொட வேண்டியிருக்கும். இருபது கிளிப் உடையும். கூலி, வண்டியின் விலையை எட்டிப்பிடிக்கும். வெட்டும்போது மட்டும் பக்கத்திலிருக்கும் ஹீட்டர் கோரில் பிளேடு படாதபடி ஆழத்தை அளந்து வெட்டுங்கள். தூளை உடனுக்குடன் உறிஞ்சி எடுங்கள்.

கேள்வி: 1998 ஃபோர்டு ரேஞ்சர். அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்கு ஓட்டிப் போகும்போது முதல் ஒரு மணி நேரம் ஏசிக் காற்று பலமாக வருகிறது. பிறகு ப்ளோயர் சத்தம் குறையாமலே காற்று மட்டும் தேய்ந்து, கடைசியில் வென்ட்டில் கையை வைத்தால் மட்டுமே தெரிகிறது. காபி குடிக்க நிறுத்திவிட்டுப் புறப்பட்டால் மறுபடி பலமாக வருகிறது. ப்ளோயர் மோட்டாரை மாற்றிவிட்டேன். பயனில்லை.
– ஒரு வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: ப்ளோயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. காற்றைக் குளிர்விக்கும் தகடுகள் கொண்ட எவாபரேட்டர் பனிக்கட்டியாகி, காற்று நுழையும் இடுக்குகளை மூடிவிடுகிறது. நிறுத்தி ஓய்வெடுத்த நேரத்தில் பனி உருகிவிடுவதால்தான் காற்று திரும்புகிறது. அடுத்த முறை காற்று தேயும்போது ஏசியை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை உச்சத்தில் வைத்தே ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் காற்று மீண்டு, நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் வழக்கத்தை மிஞ்சிய தண்ணீர் கொட்டினால் ஐயம் தீர்ந்தது.

பனி உறைவதைத் தடுப்பதற்கென்றே அக்யூமுலேட்டரின் (எவாபரேட்டரைத் தாண்டி ஏசிக் குழாயில் இருக்கும் உலோக உருளை) மேல் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. எவாபரேட்டரில் ஆர்-134ஏ அழுத்தம் 25 பிஎஸ்ஐக்கு அருகே இறங்கும்போது அது கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் க்ளட்சை விடுவித்து, 45க்கு அருகே ஏறும்போது மறுபடி சேர்க்கும். இந்தக் கேஸ் 28 பிஎஸ்ஐ அளவில் நீரின் உறைநிலையைத் தொடுவதால்தான் எல்லையை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே போகும் சில நொடிகளில் தகடுகளின் மேல் பனி படிய நேரமிருக்காது. சுவிட்சின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் க்ளட்ச் நிற்காமல் ஓடும். ஜார்ஜியாவின் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்தில் எவாபரேட்டர் கட்டியாகும். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு க்ளட்ச் விட்டுவிட்டுச் சேர்கிறதா, நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நல்ல வெயிலில் நிற்காமல் ஓடுவது இயல்புதான். ஆனால் கேஜ் 25க்கும் கீழே காட்டும்போதும் ஓடினால் சுவிட்ச் பழுது. அதன் அடியில் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருப்பதால், கேஸை வெளியேற்றாமலேயே சுவிட்சை மாற்றலாம்.

சுவிட்ச் சரியாக இருந்தால் அழுக்குதான் அடுத்த காரணம். ரேஞ்சரில் கேபின் ஃபில்டர் கிடையாது. வைப்பருக்கு அடியிலுள்ள துவாரம் வழியாக வரும் இலைத் துணுக்கும் மகரந்தமும் நாய் முடியும் நேராக எவாபரேட்டரின் ஈர முகத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. காற்று குறையக் குறையத் தகடு மேலும் குளிர்ந்து, மேலும் சீக்கிரம் உறையும். ப்ளோயர் அல்லது ரெசிஸ்டர் துவாரம் வழியாக, கைபேசியோடு இணையும் சிறு கேமராவை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறக் கம்பளி விரித்ததுபோல் தெரிந்தால் அதை மென்மையான தூரிகையால், தகடுகளின் வாக்கிலேயே, மேலிருந்து கீழாக வருடி எடுக்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைபடும். பிறகு எவாபரேட்டருக்கென்று விற்கும் நுரையைத் தெளித்து, அது வடிகுழாய் வழியாக வெளியேறும்வரை காத்திருங்கள். இந்த வேலையை நாள் ஒதுக்கிப் பொறுமையாகச் செய்தவர்கள், வண்டி புதிதாக இருந்தபோது வந்த காற்று திரும்பிவிட்டதாகச் சொல்வது மிகையல்ல.

கேள்வி: பழைய பிக்கப்பில் பயணி பக்கத்துக் கார்ப்பெட் எப்போதும் ஈரமாக இருக்கிறது. எதை நம்பி எதைச் சரிசெய்வது?
– ஒரு வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: ஈரத்தை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து முகருங்கள். வழவழப்பும் தித்திப்பு வாடையும் இருந்து, முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப்பசையாகப் படர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள், கூலன்ட் தீர்ந்து இன்ஜின் வெந்துவிடும். வெறும் தண்ணீராக இருந்து, ஏசி ஓடும் நாட்களில் மட்டும் வந்தால் எவாபரேட்டரின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. பயணி பக்கம் தடுப்புச் சுவரின் அடியில் ஒரு குட்டை ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியைக் குத்தி உள்ளே செலுத்தாமல், விரலால் பிசைந்து மண்ணை உதிர்த்தாலே பெரும்பாலும் தேங்கிய நீர் விடுதலையாகும். மழை நாட்களில் மட்டும் ஈரம் வந்தால் இரண்டும் இல்லை. முன் கண்ணாடியின் விளிம்பையும் வைப்பர் அடித்தட்டையும் பாருங்கள்.

கேள்வி: 1991 செவர்லே பிக்கப். இன்னும் பழைய ஆர்-12 கேஸ்தான். ஆர்-134ஏக்கு மாற்றினால் வென்ட்டில் வரும் காற்றின் வேகம் கூடுமா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கூடாது. கேஸ் எதுவாக இருந்தாலும் வென்ட்டில் வீசும் காற்றின் அளவு ப்ளோயரையும் எவாபரேட்டரின் தூய்மையையும் கதவுகளையும் மட்டுமே பொறுத்தது. வேகம்தான் உங்கள் குறை என்றால் மேலே ரேஞ்சருக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். குளிர்ச்சி நன்றாக இருக்கும்வரை ஆர்-12ஐத் தொடாமல் விடுங்கள். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டதால் கசிந்து போனால் மீண்டும் நிரப்புவது செலவாகும் என்பது உண்மைதான். கசிவு வந்து மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், மிச்சமுள்ள ஆர்-12ஐச் சான்றிதழ் பெற்றவர் முழுவதும் மீட்டெடுக்க வேண்டும். கம்ப்ரஸருக்கான பழைய கனிம எண்ணெயோடு ஆர்-134ஏ சேராது என்பதால் எஸ்டர் அல்லது பிஏஜி எண்ணெய் வேண்டும். அக்யூமுலேட்டரையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட வேண்டும். சர்வீஸ் முனைகளை ஆர்-134ஏக்குரிய வடிவத்துக்கு மாற்றி, புது லேபிள் ஒட்டுவது சட்டப்படியான கட்டாயம். நிரப்பும் எடை, பழைய லேபிளில் ஆர்-12க்குக் குறித்திருப்பதில் 80 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கட்டும். முதலில் 80இல் நிறுத்தி, வென்ட் வெப்பநிலையை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள்.